பால்வாடிக்குப் போகாத பருவம்

கொரோனா காலத்தில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நேர்ந்தது என்ன, நாம் இன்னும் செய்யாமல் இருப்பது என்ன?

2020 கோடை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் வேண்டும். திருமணம், நெருங்கிய உறவில் இறப்பு, மருத்துவ அவசரம் ஆகிய காரணங்களுக்குத்தான் அது கிடைக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டிய எட்டு மாதக் கர்ப்பிணி இவற்றில் எதில் சேர்வாள்? மருத்துவம் என்று எழுதி விண்ணப்பித்து ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. வாடகை வீட்டின் இரண்டு அறைகளுக்குள் கணவனும் மனைவியுமாகப் பிரசவ நாளை எண்ணிக்கொண்டு இருந்தவர்களும் உண்டு. கையில் அடுக்கிய வளையல்களை அம்மா வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார். குழந்தை பிறந்த பிறகும் அதே சின்னத் திரைதான். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டவும், தூளி கட்டவும், பத்தியம் சமைக்கவும், இரவு இரண்டு மணி அழுகைக்கு எழுந்து வந்து ‘நீ கொஞ்சம் படுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்’ என்று குழந்தையை வாங்கிக்கொள்ளவும் வேண்டிய கைகள் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன.

அந்த மாதங்களில் பிறந்தவர்கள் 2025 ஜூனிலிருந்து முதல் வகுப்பில் சேரத் தொடங்கினார்கள். ‘கொரோனா குழந்தைகள்’ என்று அவர்களுக்கு இப்போது ஒரு பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. பேச்சு தாமதமா, ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறதா, வேறு பிள்ளைகளோடு ஒட்டவில்லையா? எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரே விளக்கமாகிவிடுகிறது. இது ஆபத்தான பெயர். குறை குழந்தைக்குள் இருப்பதாக அது சொல்கிறது. கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. தொற்றுக்காலம் உடைத்தது குழந்தையைச் சூழ்ந்திருந்த மனித வளையத்தை. அது உடைந்ததால் வந்த பாதிப்பை, அந்த வளையத்தை மறுபடி கட்டினால்தான் சரிசெய்ய முடியும். நம் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கட்டியது. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மார்களுக்கும் கட்டவில்லை.

டாட்டா காட்ட ஆள் வேண்டும்

குழந்தை பேச்சைக் காதால் மட்டும் கற்பதில்லை. அது ஒரு சத்தம் எழுப்புகிறது. எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்து பதில் சத்தம் கொடுக்கிறார். அந்தப் பதிலுக்குக் குழந்தை மறுபடி ஒரு சத்தம் எழுப்புகிறது. பந்தை மாற்றி மாற்றி எறிவதுபோன்ற இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கவேண்டும். இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று காக்காயையும் நிலாவையும் காட்டிச் சோறூட்டும்போது நடப்பது இதுதான். தெருவில் போகிறவர் நின்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவதும், கிளம்பும் மாமாவுக்கு டாட்டா காட்டச் சொல்லிக் கையைப் பிடித்து அசைத்துவிடுவதும் கூட இந்தப் பாடத்தின் பகுதிகளே. நாம் அவற்றைப் பாடம் என்று நினைத்ததே இல்லை. அதனால் அவை நின்றுபோனபோது எதை இழக்கிறோம் என்பதும் நமக்கு உறைக்கவில்லை.

அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. முதல் ஊரடங்கின்போது, 2020 மார்ச் முதல் மே வரை, பிறந்த 309 குழந்தைகளைப் பற்றி அவர்களின் முதல் பிறந்தநாள் வாக்கில் பெற்றோரிடம் கேட்டார்கள். பொருளுள்ள ஒரு வார்த்தையாவது பேசியவர்கள் 77 சதவீதம்; தொற்றுக்கு முன் பிறந்த குழந்தைகளில் இது 89 சதவீதமாக இருந்தது. விரலால் சுட்டிக் காட்டியவர்கள் 93-லிருந்து 84 ஆகவும், டாட்டா காட்டியவர்கள் 94-லிருந்து 88 ஆகவும் குறைந்திருந்தார்கள். ஒன்று மட்டும் கூடியிருந்தது: தவழ்ந்தவர்கள் 91-லிருந்து 97 சதவீதத்துக்கு மேல் போயிருந்தார்கள். நாள் முழுக்க வீட்டுத் தரையில் கிடந்த குழந்தை தவழக் கற்றுக்கொண்டது. வீட்டுக்கு யாருமே வராதபோது, யார் கிளம்பிப் போகையில் அது டாட்டா காட்டும்? பார்க்காத புதுப் பொருளை யாருக்குச் சுட்டிக்காட்டும்? அக்குழந்தைகளில் நான்கில் ஒன்று, தன் வயதுக் குழந்தை ஒன்றைக்கூடப் பார்க்காமல் முதல் பிறந்தநாளைக் கொண்டாடியது. குழந்தையின் உறுப்பிலோ மூளையிலோ கோளாறு இருந்திருந்தால் தவழ்வதும் பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆள் தேவைப்படும் திறன்கள் மட்டும் குறைந்து, தரை மட்டும் போதுமான திறன் கூடியிருப்பதுதான் இந்த ஆய்வின் உண்மையான செய்தி.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் வெளியிட்ட முடிவும் இதையே வேறு திசையிலிருந்து சொல்கிறது. 2020-ல் பிறந்த 255 குழந்தைகளை ஆறு மாத வயதில் மதிப்பிட்டபோது, உடல் அசைவிலும் பழகும் திறனிலும் முன்பு பிறந்தவர்களைவிடச் சற்றே குறைந்த மதிப்பெண். கர்ப்பத்தில் கொரோனா வந்த தாயின் குழந்தைக்கும் வராத தாயின் குழந்தைக்கும் இதில் வித்தியாசம் தெரியவில்லை. வைரஸ் உடலுக்குள் புகுந்ததா என்பதைவிட, அந்தக் காலம் வீட்டுக்குள் புகுந்ததே முக்கியமாக இருந்திருக்கிறது.

தாயின் முகம்

1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த பரிசோதனை ஒன்று குழந்தை வளர்ச்சித் துறையில் மிகவும் புகழ்பெற்றது. தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டே இருப்பார். திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் குழந்தையைப் பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் எழுப்பும். எதற்கும் பதில் இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கலங்கி அழும். சில நிமிடங்களுக்கே இப்படி என்றால், தாயின் முகம் மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும்?

பேறுகால மனச்சோர்வு கொரோனாவோடு வந்த நோய் இல்லை. இந்தியாவில் குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 22 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை மதிப்பிட்டது. அதாவது, நிலைமை சாதாரணமாக இருந்தபோதே ஐந்து தாய்மாருக்கு ஒருவர். நம் குடும்பங்கள் இதற்கு மருத்துவப் பெயர் சூட்டவில்லையே தவிர, ஒரு மருந்தை வைத்திருந்தன. பச்சை உடம்புக்காரியைத் தனியே விடக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் அது. அதில் மூடநம்பிக்கைகளும் கலந்திருந்தன, உண்மைதான். ஆனாலும் தூங்க நேரமும், சமைத்த சாப்பாடும், பேச ஒரு துணையும் அந்தக் கட்டுப்பாட்டால் அவளுக்குக் கிடைத்தன. தாய்வீடு என்பது சம்பளமில்லாத மகப்பேறு மருத்துவமனை. ஊரடங்கு அதைத்தான் முதலில் மூடியது. தாத்தா பாட்டிக்குத் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து என்ற பயம், ஒரே ஊரில் இருந்தவர்களைக்கூட வாசலோடு நிறுத்தியது. அதற்கு மேல் வேலை போன கணவன், வாடகை பாக்கி, தனக்குத் தொற்று இருந்தால் பால் கொடுக்கலாமா கூடாதா என்ற குழப்பம். முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், அந்தப் பேச்சு எத்தனை பிரசவ வார்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தது? கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட இந்தியாவில் அனுமதி கிடைத்ததே 2021 ஜூலையில். அதற்குள் இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

ஜப்பானில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 887 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-ல் வெளியானது. ஐந்து வயதை எட்டியபோது தொற்றுக்காலக் குழந்தைகள் சராசரியாக நான்கு மாதத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கியிருந்தார்கள். பெற்றோருக்கு மனச்சோர்வு இருந்த வீடுகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. தாயை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் பரிசோதிக்கும் எந்தத் திட்டமும் பாதிக் கிணறு தாண்டியதாகவே இருக்கும்.

இதில் நாம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்த்தியது. நல்ல முடிவு. ஆனால் கட்டிட வேலைக்கும், வீட்டு வேலைக்கும், களை எடுக்கவும் போகிற பெண்ணுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் 18,000 ரூபாய் நிச்சயம் உதவுகிறது. ஆனால் பணம் கொடுத்தால் ஓர் இரவுத் தூக்கமோ, குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கையோ கிடைத்துவிடுவதில்லை.

பெட்டிச் செய்தி: எப்போது கவனிக்க வேண்டும்?

12 மாதமாகியும் மழலைச் சத்தம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. சுட்டிக்காட்டுவது, கையசைப்பது போன்ற சைகை எதுவும் இல்லை.
16 மாதமாகியும் ஒற்றை வார்த்தை வரவில்லை.
2 வயதாகியும் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்பதுபோல இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை.
எந்த வயதிலும், முன்பு வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோனால் தாமதிக்கவே கூடாது.
இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மாவட்டங்களில் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவச மதிப்பீடும் பயிற்சியும் உண்டு.

பூட்டிய 54,439 கதவுகள்

அங்கன்வாடி என்று அரசு எழுதுகிறது. மக்கள் வாயில் இன்றும் அது பால்வாடிதான். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழகத்தில் 54,439 மையங்கள் உள்ளன. நாட்டிலேயே ஓரளவு நன்றாக நடக்கும் அமைப்பு என்று இதற்குப் பெயர். 2020 மார்ச்சில் இவையெல்லாம் மூடப்பட்டன. மூடியது தவறு என்று அன்றைய சூழலில் யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு காலம் மூடியிருந்தோம் என்பதுதான் கேள்வி. நாடு முழுவதும் அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி 2021 ஜனவரி மாத இறுதிக்குள் முடிவெடுக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழகத்தில் மதிய உணவுக்காக மையங்கள் திறந்தது 2021 செப்டம்பரில். மழலையர் பள்ளிகளும் விளையாட்டுப் பள்ளிகளும் திறக்க அனுமதி கிடைத்தது 2022 பிப்ரவரி 16-ல். கணக்குப் பார்த்தால் 23 மாதம். மூன்று வயதில் பூட்டைப் பார்த்த குழந்தைக்கு, பூட்டு திறந்தபோது ஐந்து வயது. டாஸ்மாக் கடைகள் 2020 மே மாதமே திறந்துவிட்டன என்பதையும் இங்கே நினைவுபடுத்தத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்தில் பால்வாடி டீச்சர்களும் ஆயாக்களும் சும்மா இருக்கவில்லை. சத்துமாவு, அரிசி, பருப்பு, முட்டை ஆகியவற்றை வீடுகளுக்குச் சேர்த்தார்கள். தொற்றுக் கணக்கெடுப்புக்கும் அலைந்தார்கள். வயிறு ஓரளவு காப்பாற்றப்பட்டது. வாயும் காதும் கையும் பட்டினி கிடந்தன. கதை கேட்பது, பாட்டுக்கு ஆடுவது, பொம்மையைப் பகிர்ந்துகொள்வது, அடுத்தவன் அழுதால் பார்த்துக்கொண்டு நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது எதையும் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் படப் புத்தகமும், வீட்டிலிருந்து வேலை பார்த்த அப்பாவும் இருந்தார்கள். ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைக்கு இருந்தது ஒரு செல்போன்.

அந்தச் செல்போனுக்காகத் தாயைத் திட்டுவது நம் சமூகத்துக்கு எளிதாக வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே கூடாது, உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு; ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. சரியான பரிந்துரை. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளுக்கு இரண்டு, நான்கு வயதுகளில் பேச்சுப் பரிமாற்றம் பின்தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதை ஜப்பானில் 7,097 தாய்-சேய் இணைகளைக் கவனித்த 2023-ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது. ஆனால் அடுப்பில் உலை கொதிக்க, இடுப்பில் பிள்ளை அழ, உதவிக்கு ஓர் ஆளும் இல்லாத பெண் எதை நீட்டியிருக்க முடியும்? திரையில் ஓடும் பாட்டு, குழந்தை சத்தம் எழுப்பினால் நின்று பதில் சொல்லாது. அங்கே இல்லாமல் போனது எதிரில் இருந்து பதில் சொல்லும் ஆள். அந்த ஆளைக் கொடுக்காமல் போனைப் பிடுங்கச் சொல்வதில் நியாயம் இல்லை.

‘தானாகச் சரியாகிவிடும்’ என்கிற வாதம்

இந்தக் கவலையெல்லாம் மிகை என்று சொல்வோர் முன்வைக்கும் வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், ஐந்து வயது வரையிலான 50,205 குழந்தைகளின் மதிப்பீடுகளை அலசி, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். பேச்சுப் பரிமாற்றத்தில் சுமார் 3 சதவீதமும், சிக்கல் தீர்ப்பதிலும் பழகுவதிலும் சுமார் 2 சதவீதமும்தான் சரிவு. உடல் அசைவுத் திறன்களில் மாற்றமே இல்லை. ஒரு தலைமுறையே வீணாகிவிட்டது என்று அலறியவர்களுக்கு இது சரியான பதில். ஆறுதலான பதிலும்கூட. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் சராசரிக்கு ஒரு குணம் உண்டு: அது எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிடும். கொஞ்சமும் இழக்காத பத்துக் குழந்தைகளையும் நிறைய இழந்த ஒரு குழந்தையையும் சேர்த்தால் சராசரி இழப்பு சிறியதாகத்தான் தெரியும். மேலும், அவை மருத்துவரிடம் தவறாமல் வந்து மதிப்பீடு செய்துகொண்ட குழந்தைகளின் கணக்குகள். வராதவர்கள் அந்த 50,205-ல் இல்லை. இந்தியாவில் 2020-ல் முத்தடுப்பு ஊசியின் முதல் தவணையே கிடைக்காத குழந்தைகள் 30 லட்சத்துக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டில் 14 லட்சம். ஊசிக்கே வராத குழந்தையின் பேச்சை யார் மதிப்பிட்டிருப்பார்கள்?

அடுத்த வாதம், குழந்தைகள் எட்டிப்பிடித்துவிடுவார்கள் என்பது. பிடிப்பார்கள். அதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றை முழுதாகப் படிக்கவேண்டும். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில், அதே ஊர்களில் 2019-ல் அதே வயதில் இருந்தவர்களைவிட இவர்கள் மொழியில் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் அதைப்போல் இரு மடங்கு பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழந்தார்கள், மீட்சியிலும் அவர்களே வேகமாக முன்னேறினார்கள். அந்த மீட்சியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது, 24 சதவீதம், ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அந்தத் திட்டம், 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. ஆக, எதுவும் தானாகச் சரியாகவில்லை. பள்ளி திறந்தது, ஆட்கள் போனார்கள், சரியானது.

இங்கேதான் நம் கணக்கு இடிக்கிறது. இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டமும் முதல் வகுப்பில்தான் தொடங்குகிறது. மூன்றுமே பாராட்டத் தகுந்தவை. ஆனால் 2020-ல் தூளியில் கிடந்த குழந்தையின் வீட்டுக்கு எந்தத் தன்னார்வலரும் தேடிப் போகவில்லை. அதற்கு வகுப்பு எண் இல்லை. எடை குறைந்த குழந்தைகளைக் கண்டறிய 2022 மே மாதம் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ வந்தது. அதுவும் மறுபடி வயிற்றுக்கான திட்டமே. மூளையின் பெரும்பகுதி வளர்ச்சி முடிந்துவிடும் வயதுக்கு நாம் கொடுத்தது மாவும் முட்டையும் மட்டும்.

பெட்டிச் செய்தி: கொரோனா மீது போடக் கூடாத பழி

தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காவது, ஐந்தாவது சுற்றுகளுக்கு இடையே, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 50.7-லிருந்து 57.4 சதவீதமாக உயர்ந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 27.1-லிருந்து 25 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐந்தாவது ஆய்வின் களப்பணி ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பும் மறு பகுதி பின்பும் நடந்தது. ஆனால் நான்காவது ஆய்வின் எண்களே காட்டுவதுபோல, நான்கில் ஒரு குழந்தை குட்டையாக இருப்பதும், பாதிக்கு மேல் சோகை பிடித்திருப்பதும் தொற்று வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த பிரச்சினைகள்.

இரண்டாவது ஆள்

என்ன செய்யலாம் என்பதற்கும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பு, தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. அவற்றில் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்கு ஒரு பெண் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். பெரிய பட்டப்படிப்பு கேட்கவில்லை, உள்ளூர்ப் பெண்கள்தான். கட்டிடம் மாறவில்லை, கருவி எதுவும் வாங்கவில்லை. பதிவேடு எழுதுவது, எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது, கூட்டத்துக்கு ஓடுவது என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்த ஒற்றை டீச்சருக்கு ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதான். பதினெட்டு மாதத்தில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தெளிவாக உயர்ந்தன. டீச்சருக்குத் தாய்மார்களைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் வளர்ச்சிக் குறைவும்கூடக் குறைந்தன. ஆன செலவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பலன் வரும் என்று கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

செலவைக் காட்டி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இருக்கிற இடங்களே காலியாகக் கிடந்தன என்பதும், 7,783 பணியிடங்களை நிரப்பும் அறிவிப்பு 2025-ல்தான் வந்தது என்பதும் பதிலாகாது. காலியிடத்தை நிரப்புவது பழைய கடன், இரண்டாவது ஆள் இன்றைய தேவை. அந்த இரண்டாவது ஆள் மதியத்துக்குப் பிறகு புதிதாகக் குழந்தை பெற்ற வீடுகளுக்குப் போகலாம். தாய் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிறாளா, அழுதுகொண்டே இருக்கிறாளா என்று நான்கு கேள்வி கேட்கலாம். தேவைப்படும் தாயை டெலி-மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் அங்கேயே மனநல ஆலோசகரோடு பேசவைக்கலாம். தாய்வீடு செய்த வேலையில் ஒரு பங்கையாவது, தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு அரசு செய்ததாகும். கொரோனாவில் பிறந்தவர்களுக்கு இது தாமதம்தான். அவர்களின் தம்பி தங்கைகள் இப்போது அதே மையங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதே ஒற்றை டீச்சரோடு. தமிழக அரசு 54,439 மையங்களிலும் அந்த இரண்டாவது ஆளை நியமிக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.